பாதிவழியில் திரும்புதல்

மலைப்பாதை ஓட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் சொற்பக் குறிப்புகளும் உச்சியை எட்டியதன் பெருமிதத்தையே பேசுகின்றன. மூச்சு வாங்கியது, கால் பிடித்துக்கொண்டது, ஆனாலும் மனம் தளராமல் முகட்டைத் தொட்டோம் என்பதாக அவை முடியும். அவற்றில் பொய்யில்லை. ஆயினும் ஓசூரைச் சுற்றிய குன்றுகளில் சில ஆண்டுகளாக ஓடிவரும் எனக்கு, இவ்விளையாட்டில் மிகக் கடினமான செயல் பாதிவழியில் நின்று திரும்பி இறங்குவதே என்று தோன்றுகிறது. நம் பகுதி ஓட்டக்காரர்களிடையே அதற்கு மதிப்பில்லை. சொல்லப்போனால் அது இழிவாகவே கருதப்படுகிறது.

இதற்கு ஊரின் இயல்பும் ஒரு காரணம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த 1970களுக்குப் பிறகு ஓசூரின் நாட்கள் ஷிஃப்டுகளால் பகுக்கப்பட்டவை. லாரி, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் என்று இங்கே உருவாகும் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு இத்தனை என்ற இலக்கு உண்டு. இரவு ஷிஃப்டு முடித்து நேரே குன்றடிக்கு வருபவர் அந்த இலக்கு மனத்தையும் உடன் கொண்டுவருகிறார். ஞாயிறு காலை 20 கிலோமீட்டர் என்று குறித்துவிட்டால் 20 முடியவேண்டும். 14இல் திரும்பியவரைத் திங்கட்கிழமை கேன்டீனில், 'என்ன சார், மலை உங்களைத் தள்ளிவிட்டுடுச்சா?' என்று கேட்பார்கள். வெறும் கேலிதான். ஆனால் அடுத்த ஞாயிறு அவர் முழங்கால் வலியோடு 20ஐ முடிப்பதற்கு அக்கேலி போதுமானது.

சமதளச் சாலையில் இம்மனம் பெரிய தீங்கைச் செய்வதில்லை. அங்கே ஒரு கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ எப்போதும் ஒரு கிலோமீட்டர்தான். மலையில் அப்படியில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இலேயே இதற்கொரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நடப்பவர்களுக்கான அக்கணக்கில் நம்மூர்ப் பங்குனி வெயிலில் கொதிக்கும் வெற்றுப்பாறைக்கு இடமில்லை. இறக்கத்தின் கொடுமைக்கும் இடமில்லை.

இறக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இறங்கி ஓடும்போது தொடையின் முன்புறத் தசை, உடலின் எடையைத் தாங்கியபடி, நீண்டுகொண்டே இறுகவேண்டியிருக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாவது பெரும்பாலும் இவ்வேலையால்தான். மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது, சுகமாகவே இருக்கும். கால் மட்டும் மெல்ல மெல்லத் தன் பிடியை இழக்கும். வலி முழுதாகத் தெரிவது மறுநாளோ அதற்கடுத்த நாளோ. ஆக, உச்சி என்பது பாதிவழிதான். தன்னிடமிருந்த அனைத்தையும் ஏற்றத்திலேயே செலவழித்தவர், சரளைக்கல் உருளும் மறுபாதியைக் கடன்வாங்கிய கால்களோடு இறங்குகிறார். எனவே திரும்புவதற்கான முடிவை, இன்னும் ஏறமுடியும் என்று உடல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எடுத்தாகவேண்டும். அம்முடிவு கடினமாக இருப்பதன் காரணமும் இதுவே. இனி முடியாது என்றான பிறகு திரும்புவதற்குப் பெரிய விவேகம் எதுவும் வேண்டியதில்லை. அப்போது பெரும்பாலும் பிறர்தான் தூக்கிவரவேண்டியிருக்கும்.

நம் நிலப்பரப்பு இவ்விஷயத்தில் ஏமாற்றக்கூடியது. ஓசூர் மேட்டுநிலத்திலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்வதற்குள் தரை 300 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடுகிறது. ஓசூரின் இதமான காலைக்குப் பழகியவர்கள் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் அதே வேகத்தில் ஏறிப் பார்க்கிறார்கள். அம்மலைக்கு ஒரு பழைய கதையுண்டு. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 நவம்பரில், கும்பினிப் படையின் மேக்ஸ்வெல் கீழேயிருந்த பேட்டையைப் பிடித்துவிட்டு, அதே வேகத்தில் மேல்கோட்டையையும் கைப்பற்ற முயன்றார். மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகளின் முன்னே ஏணிகளோடு ஏறிய படை நிற்கமுடியாமல் பின்வாங்கியது. மறு ஆண்டு உடன்படிக்கையின் வழியாக பாராமகால் முழுவதுமே கும்பினியின் கைக்கு வந்து சேர்ந்தது வேறு விஷயம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போனால் நிலைமையே வேறு. மேலகிரிக் காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. ஓசூரை ஒட்டிய சானமாவுக் காடு வரைக்கும் அவை வருவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. நம் ஓட்டக்காரர்கள் மிகவும் விரும்பும் குளிர்ந்த, மூடுபனி சூழ்ந்த விடியல்கள் சரியாக இந்த மாதங்களில்தான் வருகின்றன.

ஒரு மார்கழிக் காலையில், காட்டை ஒட்டிய ஊர்ப்பாதை ஒன்றில், ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் எங்கள் நால்வரையும் நிறுத்தினார். பாதையில் கிடந்த யானை லத்தியைக் காட்டி, தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சில், 'இன்னும் சூடு ஆறலை சாமி, திரும்பிப் போயிடுங்க' என்றார். நால்வரில் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 9 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று ஓடினால் கணக்குச் சரியாகிவிடும் என்று மெல்லச் சொன்னார். நாங்கள் திரும்பிவிட்டோம். அவரோ ஊர் வந்து சேர்ந்ததும் பேருந்து நிறுத்தத்துக்கும் டீக்கடைக்கும் இடையே மாறி மாறி ஓடி அம்மூன்றையும் நிறைவுசெய்தார். அன்று சிரித்தோம். இப்போது நினைக்கும்போது அது அவ்வளவு சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை.

பந்தயங்களுக்கு வருவோம். முடிவுப் பட்டியலில், இறுதிக்கோட்டைக் கடக்காதவரின் பெயருக்கு எதிரே 'டி.என்.எஃப்.' என்று மூன்றெழுத்து இருக்கும். முடிக்கவில்லை என்பது பொருள். 40 கிலோமீட்டர் ஓடி, வானிலையைக் கணித்துத் திரும்பியவருக்கும், இரண்டாம் கிலோமீட்டரில் சலித்து அமர்ந்தவருக்கும் அதே மூன்றெழுத்துதான். பதக்கம் இல்லை. இதில் நியாயமும் இல்லை, அறிவும் இல்லை. 2003இல் மோன் பிளாங் மலையைச் சுற்றி முதன்முறையாக நடந்த பந்தயத்தில் 700க்கும் மேற்பட்டோர் புறப்பட்டு, கடும் மழையிலும் குளிரிலும் 67 பேர்தான் முழுத் தொலைவையும் முடித்தார்கள். மற்றவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுபுறம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் பந்தயம் இருக்கிறது. 172 பேர் புறப்பட்டனர். வாகனம் செல்லமுடியாத செங்குத்தான ஏற்றத்தில் ஆலங்கட்டியும் கடுங்காற்றும் சூழ்ந்தன. குளிர்காப்பு மேலாடை கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. 21 பேர் இறந்தனர். அந்நாட்டின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களுள் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் உண்டு. அங்கும் ஓர் ஆட்டிடையர்தான், சூ கெமிங் என்பவர், தன் குகையில் தீமூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார்.

தமிழ்நாட்டில் நமக்குக் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது; 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் மேலகிரியின் குத்திராயன் முகடும் ஒன்று. வழிகாட்டி உடன்வருவார், முன்பதிவு செய்யவேண்டும். அனுமதி, கட்டணம் என்று ஓட்டக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அவ்வழிகாட்டியிடம் உள்ள ஒரேயொரு அதிகாரம் பெரிதாகத் தெரிகிறது: 'இதற்கு மேல் இன்று வேண்டாம்' என்று அவர் சொல்லலாம், யாரும் அவரைக் கோழை என்று சொல்லப்போவதில்லை.

மலைப்பந்தயம் நடத்துவோரிடமும் நான் கேட்பது இவ்வளவே. ராகி அறுவடை மாதங்களில் காட்டோரப் பாதைகளை விட்டுவிடுங்கள். அப்பாதைகளை அன்றாடம் நடப்பவர்களான ஆட்டுக்காரர்களிலும் ஊர்க்காரர்களிலும் சிலரை ஊதியம் கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக அமர்த்துங்கள்; நகரத்திலிருந்து வரும் தன்னார்வலரின் விசிலைவிட அவர்கள் சொல் நம்பத்தகுந்தது. முடிவுப் பட்டியலில் அந்த மூன்றெழுத்தை எடுத்துவிட்டு, இன்னார் இந்த இடம்வரை இத்தனை மணிக்கு வந்து திரும்பினார் என்று ஒரு வரி அச்சிடுங்கள். 'அப்படியானால் எல்லோரும் பாதியில் திரும்பிவிடுவார்களே' என்று நண்பர் ஒருவர் கேட்டார். திரும்பட்டுமே. முதலில் வந்தவருக்கான கோப்பையை யாரும் பறித்துக்கொள்ளப்போவதில்லை. அச்சுச் செலவு வேண்டுமானால் ஒரு பக்கம் கூடும்.