படம் பெரிதா, உயிர் பெரிதா?

பிழைப்பினிமித்தம் ஊரைவிட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் குடும்பங்களின் வாலிபர்கள், விடுமுறை நாட்களில் காமிராவை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு நெய்யாற்றுப் பக்கம் புறப்படுகிறார்கள். நல்ல காரியமே. கடையிலும் அலுவலகத்திலும் அடைபட்டுக் கிடக்கும் கண்களுக்குச் சிருஷ்டியின் அழகு ஆறுதல் அளிக்கும். ஆயினும் புறப்படுமுன் சில காரியங்களை அறிந்திருத்தல் அவசியம்.

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வழியாய் ஓடிப் பூவாறில் அரபிக் கடலோடு கலக்கிறது. அதன் மேற்பகுதியில் 128 சதுர கிலோமீட்டர் காடு 1958-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் மிளாவும் கருமந்தியும் அங்கே உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி உட்செல்லலாகாது.

நீர்த்தேக்கத்தில் சதுப்பு நில முதலைகளும் வாழ்கின்றன. மழையற்ற மாதங்களில் இவை கரையிலே குழி தோண்டி முட்டையிடும். தாய் அருகிலேயே காவலிருக்கும். படம் எடுக்கிறவன் காமிராவின் சிறு கண்ணாடிக்குள் மட்டுமே பார்க்கிறான், காலடியைப் பாரான். "இன்னும் கொஞ்சம் கிட்டே போ" என்று ஏவுகிறவன் அல்ல, "போதும், திரும்பு" என்று தோளைப் பற்றுகிறவனே மெய்யான நண்பன்.

நம்மால் அவைகளுக்கு வரும் ஆபத்தையும் எண்ணிப் பாருங்கள். நீர்க்காகம் கரையில் சிறகை விரித்து நிற்பது நமக்குக் காட்சியளிக்க அல்ல. மூழ்கி மீன் பிடிக்கையில் அதன் இறகுகள் நனைந்துபோகின்றன. அவற்றை உலர்த்தவே அப்படி நிற்கிறது. பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிந்து அதை விரட்டலாமா? கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிப் படமெடுத்துச் செல்கிறீர்கள். நீங்கள் வீடு சேருமுன் காகம் அங்கே வந்துவிடும். வெயிலிலே வாடும் குஞ்சுக்கு நீங்கள் எடுத்த படத்தால் பயன் என்ன?

இந்துசூடன் என்னும் புனைபெயர் பூண்ட ஆங்கிலப் பேராசிரியர் கே.கே. நீலகண்டன், கேரளப் பறவைகளைக் குறித்து 1958-இல் மலையாளத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இங்குள்ள பள்ளிகளில் மலையாளம் கற்கும் நம் பிள்ளைகள் வாசிக்கத்தக்க நூல் அது. பறவையின் பெயரும் பழக்கமும் அறிந்தவன் அதைத் துன்புறுத்தத் துணியான்.

ஆகையால், செல்லுங்கள், விடியற்காலத்திலே செல்லுங்கள். ஓரிடத்தில் சத்தமின்றி அமர்ந்திருங்கள். நீங்கள் துரத்தாவிட்டால் மீன்கொத்தி தானாகவே தன் கிளைக்குத் திரும்பி வரும். வராவிட்டாலும், ஓர் உயிரையும் கலைக்காமல் வெறுங்கையாய் வீடு திரும்புவது நஷ்டமல்ல.