மலைக் கால்களும் விளையாட்டுத் திடலும்

ஏற்றமும் இறக்கமுமான பாதைகளிலே கொழுந்துக் கூடையோடு தினந்தோறும் நடந்து பழகிய சமூகத்தின் பிள்ளைகளுக்குக் கால்வலிமையைப் பற்றி உபதேசம் அநாவசியமென்று நம்மிற் பலர் கருதுகின்றனர். ஆயினும், ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், அதனினும் தாழ்ந்த அட்டனிலும், காலைக் குளிரில் விறைத்து நிற்கும் மாணவனை வரிசையில் நிறுத்தி உடனே 100 மீற்றர் ஓடச் சொல்வது அநீதியேயாகும்.

குனிந்து கால்விரலைத் தொட்டபடி நெடுநேரம் நிற்பதே ஆயத்தம் என்னும் சம்பிரதாயமும் பூரணமானதன்று. ஒரு தசையை ஒரு நிமிஷத்திற்கு மேலாக இழுத்துப் பிடித்தால் அதன் சக்தி சற்றே குன்றுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆகவே விரைநடை, முழங்கால் உயர்த்தல், மெல்லோட்டம் ஆகியவற்றால் 10 நிமிஷம் உடலிலே உஷ்ணம் ஏற்றிவிட்டு, நீண்ட இழுப்புகளைப் போட்டிக்குப் பின் வைத்துக்கொள்வதே உசிதம். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2006-ஆம் ஆண்டில் வகுத்த 20 நிமிஷப் பயிற்சியும் மெல்லோட்டத்திலேயே தொடங்குகிறது. மேலும், மலையிறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால், நோவு மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சமடையும். அதனைச் சோம்பலென்று ஏசும் ஆசிரியர்களும் உண்டு, கங்காணிகளும் உண்டு. பரிசுக் கிண்ணங்களுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையேனும் அந்தப் 10 நிமிஷத்திற்குத் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்குமாறு கல்வி அதிகாரிகள் விதி செய்யவேண்டும்.