சித்தப்பாவை ஏமாற்றிய பொம்மை வீடு!

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்தில் என் சித்தப்பா இருக்கிறார். கரிசல்காட்டு விவசாயி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். சந்தையில் அவரை யாரும் ஏமாற்றியது கிடையாது.

அப்படிப்பட்டவரை ஒரு போட்டோ ஏமாற்றிவிட்டது!

அது மனை விற்பனை நோட்டீஸ். படத்தில் ஒரு பாதை. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். வாசலில் ஒரு கார். தூரத்தில் மலை. சித்தப்பா முன்பணம் கட்டிவிட்டு, பிறகு இடத்தைப் பார்க்கப் போனார். மலை இருந்தது. வீடும் இல்லை, காரும் இல்லை. முள்செடிதான் இருந்தது!

"வீட்டையெல்லாம் இடிச்சிட்டாங்களாப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

படத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் கூழாங்கல் கிடந்தது. அது கதவில் பாதி உயரம்! ஒரு புல் மாடி வரை வளர்ந்திருந்தது! எல்லாம் பலகையில் அடுக்கிய பொம்மை வீடுகள்.

காமிராவுக்கு ஒரு கண்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். தடுமாறும். எது கிட்டே, எது எட்டே என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்தே நமக்குச் சொல்கின்றன. காமிராவுக்கு இருப்பதோ ஒரே கண். பொம்மையைக் கிட்டே வைத்து, நிஜ மரத்தையும் மலையையும் தூரத்தில் விட்டு, இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுபோல் பொருத்திவிட்டால் போதும். காமிராவை மட்டும் நன்றாகத் தாழ்த்த வேண்டும். பொம்மை வீட்டு வாசலில் ஒரு பொம்மை மனிதன் நின்றால் அவன் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரம்! மேலே இருந்து எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த வித்தையே தவறு என்று நான் சொல்லமாட்டேன். 1957-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில் துவாரகை நகரத்தைப் பார்த்திருப்பீர்கள். 50 அடிக்கு 60 அடி இடத்தில், சுமார் 300 சின்னஞ்சிறு வீடுகளைச் செய்து, விளக்குப் போட்டு எடுத்த நகரம் அது! கோகலே, கலாதர் என்ற கலை டைரக்டர்களின் கைவேலை. படம் பிடித்தவர் மார்க்கஸ் பார்ட்லி. டிக்கெட் வாங்கி உள்ளே போகும்போதே அது கதை என்று நமக்குத் தெரியும். அங்கே ஏமாறுவது சுகம்.

அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் 'எல்ஜின் பார்க்' என்று ஓர் ஊரையே பொம்மையில் செய்தார். எல்லாம் நிஜத்தில் 24-ல் ஒரு பங்கு. 15 அடிக் கார் அங்கே ஏழரை அங்குலம்! அதைத் தெருவோரம் மேஜையில் வைத்து, பின்னால் நிஜ மரங்கள் தெரிய படம் எடுத்தார். எப்படி எடுத்தேன் என்பதையும் படத்தோடு காட்டினார். அதுதான் நாணயம்.

நோட்டீஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள்? "மாதிரிப் படம்" என்று எறும்பு எழுத்தில் ஒரு மூலையில் போடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் கண்ணில் அது படுமா? விலையை எந்த எழுத்தில் அச்சடிக்கிறார்களோ, அதே எழுத்தில் "இது பொம்மை" என்றும் போடட்டும்! நான் கேட்பது அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு, விற்றவர் ஈடு கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று விலகினால், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும்.

ஆனால் அதைக் கேட்க நோட்டீஸ் கையில் இருக்க வேண்டுமே!

சித்தப்பாவைக் கேட்டேன். அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி உள்ளே போய் முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்தார். அடியில் விரித்திருந்தது அந்த நோட்டீஸ்! எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது. ஆனால் படமும் விலாசமும் நன்றாகத் தெரிகின்றன.