பிறந்த நாள் யாருக்கு?

டிசம்பர் பிறப்பதற்கு முன்பே செல்போனில் செய்தி வந்துவிடுகிறது. 'உங்கள் செல்லத்தின் பிறந்த நாளை இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பாவில் கொண்டாடுங்கள்! தவணை வசதி உண்டு.' என் பையன் பிறந்தது டிசம்பர் 25 என்று டிராவல்ஸ்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு தடவை நானேதான் சொல்லித் தொலைத்தேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னக் குழந்தையின் பிறந்த நாளைக் கொண்டாட அதை வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது, அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில் போவது, அப்பாவும் அம்மாவும் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் பரிசு. பில் மட்டும் குழந்தை பேரில் போடப்படுகிறது.

'நீ மட்டும் போயிட்டு வந்துட்டு எங்களுக்கு உபதேசமா?' என்று கேட்பீர்கள். கேளுங்கள். போய் வந்து 24 மாதம் தவணை கட்டியவன் என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

2018 கடைசி. பையனுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. டிராவல்ஸ் அலுவலகத்தில் இருந்த இளைஞர் என் பலவீனம் தெரிந்த மாதிரி பேசினார். "சார், ரெண்டு வயசுக்குள்ளன்னா மடியில வச்சுக்கலாம். பெரியவங்க டிக்கெட்ல பத்து பர்சன்ட்தான். இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது." பி.காம். படித்தவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் உள்குத்து தெரிந்தது. போகும்போது அவனுக்கு வயது இரண்டுக்குக் கீழே. லண்டனில் பிறந்த நாள் வருகிறது. திரும்பும்போது இரண்டு முடிந்துவிடுகிறது. அந்தப் பயணத்துக்கு அவனுக்குத் தனி சீட், தனிக் கட்டணம். எதைக் கொண்டாடப் போனோமோ அதற்கே விமானக் கம்பெனி அபராதம் போட்ட மாதிரி. விசாவிலும் சலுகை கிடையாது. பிரிட்டிஷ் விசாவுக்குக் கைக்குழந்தைக்கும் அப்பனுக்கும் ஒரே கட்டணம். ஐந்து வயதுக்குள் இருந்தால் விரல்ரேகை கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

கையில் இருந்தது போதவில்லை. மூன்று லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி. மாதம் 14,400 ரூபாய் சொச்சம். 24 தவணையில் வட்டி மட்டும் நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. 2020-ல் உலகத்தில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோதும் நான் 2018-ல் பறந்ததற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, காசை விடுங்கள். போன இடத்தில் பிறந்த நாள் எப்படி நடந்தது?

லண்டனில் டிசம்பர் 25 அன்று பாதாள ரயில் ஓடாது. பஸ் ஓடாது. ஊருக்கு ஊர் போகும் ரயிலும் ஓடாது. வருடத்தில் மற்ற எல்லா நாளும் திறந்திருக்கும் மிருகக்காட்சிசாலைக்கு அன்று ஒருநாள் விடுமுறை. அந்த ராட்சச ராட்டினமான லண்டன் ஐ சுற்றாது. டைனோசர் எலும்புக்கூடு பார்க்கலாம் என்றால், அந்த மியூசியத்துக்கு 24 முதல் 26 வரை மூன்று நாள் பூட்டு. பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்று 2004-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். 280 சதுர மீட்டருக்கு மேல் உள்ள பெரும்பாலான கடைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அன்று வியாபாரம் செய்ய முடியாது. காலை எட்டு மணிக்கு விடிந்து, சாயங்காலம் நாலு மணிக்குள் சூரியனும் வீட்டுக்குப் போய்விடும்.

இதெல்லாம் ரகசியம் இல்லை. போவதற்கு முன் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நான் விசாரித்தது டிக்கெட் விலையை மட்டும்.

முந்தின நாள் பாதி ராத்திரி, அதாவது லண்டன் கணக்கில் பன்னிரண்டரை மணிக்கு, போன் அடித்தது. சென்னையில் அப்போது காலை ஆறு. என் அம்மா குளித்து, விளக்கேற்றி, பாயசம் வைத்து, அந்தக் கிண்ணத்தை வீடியோவில் காட்டினார். "கண்ணு, உனக்குத்தாண்டா சாமி" என்றார். ஊர் மாறிய குழப்பத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்த குழந்தை, கிண்ணத்தைப் பிடிக்க போனின் கண்ணாடியைச் சுரண்டியது. கிடைக்கவில்லை என்றதும் அழ ஆரம்பித்தது. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். ஹேப்பி பர்த்டே!

காலையில் பால் தீர்ந்துபோயிருந்தது. முதல் நாளே வாங்கி வைத்திருந்த கேக்குக்கு மெழுகுவத்தி இல்லை. குழந்தைக்கு மூன்று ஸ்வெட்டர் மாட்டி, தள்ளுவண்டியில் வைத்து, நானும் என் மனைவியும் நடந்தோம். ஒரு தெரு முழுக்க மனித நடமாட்டம் இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் உள்ளே விளக்கு எரிகிறது. ஒரு வீட்டில் ஒரு தாத்தா தலையில் காகிதக் கிரீடத்தோடு பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

என் மனைவி கேட்டார்: "ஏங்க, இவங்க எல்லாரும் அவங்கவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. நாம மட்டும் எதுக்கு இங்க நிக்கறோம்?"

பதில் இல்லை.

ஒரு மூலையில் சின்ன மளிகைக்கடை ஒன்று திறந்திருந்தது. சட்டம் சின்னக் கடைகளைத் தடுப்பதில்லை. உள்ளே இருந்த பெரியவர் யாழ்ப்பாணத் தமிழர். பாலையும் மெழுகுவத்தியையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "குளிருக்க பிள்ளையைக் கொண்டு எங்க வெளிக்கிட்டனீங்கள்?" என்றார். பிறந்த நாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்ப, பிள்ளையின்ர அப்பம்மா, அம்மம்மா ஒருத்தரும் வரேல்லையோ?" இல்லை, சென்னையில் இருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நாங்கள் போக வழியில்லாமல் இங்க கிடந்தம். நீங்கள் இருக்கிறவையை விட்டுட்டு வந்திருக்கிறியள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெழுகுவத்திக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த மனிதருக்குப் போர் என்ற காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம்? மடியில் வைத்தால் பத்து பர்சன்ட் டிக்கெட்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அந்த ஊர் மூடிக்கிடப்பதற்குக் காரணமே, அது குடும்பத்தோடு இருக்கவேண்டிய நாள் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைப்பதுதான். நாம் அவர்கள் ஊர் விளக்கையும் மரத்தையும் சான்டா தொப்பியையும் எடுத்துக்கொண்டோம். பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விஷயத்தை மட்டும் விட்டுவிட்டோம். தீபாவளிக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தன் தாத்தா பாட்டியை ஊரில் விட்டுவிட்டு, தி.நகரில் பூட்டிய கடைகள் முன்னால் கைக்குழந்தையோடு நின்றால் நாம் என்ன சொல்வோம்? 'பாவம், யாருமில்லாதவங்க போல' என்று வீட்டுக்குக் கூப்பிட்டு அதிரசம் கொடுப்போம்.

மறுபக்க வாதங்களுக்கும் வருகிறேன்.

'குழந்தைக்கு உலகம் தெரியணும் சார்.' தெரியட்டும். ஆனால் மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலானவர்களுக்குப் பின்னாளில் நினைவில் நிற்பதில்லை என்பது மனநூல் படித்தவர்கள் நெடுநாளாகச் சொல்லும் விஷயம். அவர்களை விடுங்கள், உங்களுடைய இரண்டாவது பிறந்த நாளை நீங்களே ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

'குழந்தைக்கு ஞாபகம் இல்லேன்னா என்ன, அந்த நேரத்துச் சந்தோஷம் போதாதா?' இது நியாயமான வாதம். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் அந்த நேரத்தில் அதற்குச் சந்தோஷம் தருவது எது என்று பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் உலகத்தில் மொத்தம் பத்துப் பேர் இருப்பார்கள். பாட்டி, தாத்தா, எதிர்வீட்டு அக்கா, தெருவில் கீரை விற்கிற அம்மா, வாட்ச்மேன். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேரைக் கழித்துவிட்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் காது அடைக்க விமானத்தில் வைத்து, தூங்குகிற நேரத்தையும் சாப்பிடுகிற நேரத்தையும் கலைத்து, 'என்ஜாய் பண்ணுடா' என்றால் அது அழாமல் என்ன செய்யும்?

'எங்களுக்கு ஞாபகம் இருக்கும், போட்டோ இருக்கும்.' இதுதான் உண்மையான பதில். இதைச் சொல்கிறவரிடம் எனக்குச் சண்டையே கிடையாது. நமக்கு ஊர் சுற்ற ஆசை. அது தப்பில்லை. அப்படியானால் கல்யாண நாளுக்குப் போங்கள். கூட்டமும் விலையும் இறங்கிய மாதமாகப் பார்த்துப் போங்கள். நம் ஆசைக்குக் குழந்தையின் பிறந்த நாளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். நம்மவர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்காக 2023-24 நிதியாண்டில் ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி அனுப்பிய பணம் சுமார் 1,700 கோடி டாலர். இந்தப் பணத்தின் மேல் கண் வைத்திருக்கிறவர்கள் நம் வீட்டுக் குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்பது அன்பினால் என்றா நினைக்கிறீர்கள்?

அண்ணனோ அக்காவோ அங்கே இருக்கிறார், பாட்டி பேரனைப் பார்த்ததே இல்லை என்றால் தாராளமாகப் போங்கள். அது வீட்டுக்குப் போவது. பத்து வயதுப் பெண் உலகப்படத்தில் விரல் வைத்து 'இங்கே போகலாம்பா' என்கிறாளா? கடன் இல்லாமல் முடிந்தால் அழைத்துப் போங்கள். அவள் கேட்டாள், அவளுக்கு ஞாபகமும் இருக்கும்.

பொம்மை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊர் திரும்பும் முன், 1760-லிருந்து நடக்கிறது என்று பெருமை பேசும் ஹாம்லீஸ் கடைக்குப் போய் ஒரு கரடி வாங்கினோம். அந்தக் கடைக்குச் சென்னையிலேயே கிளை இருந்தது. நாங்கள் திரும்பி வந்த சில மாதங்களில், 2019-ல், ரிலையன்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோய் வாங்கிய கரடி, இப்போது நம்மூர் முதலாளியின் கரடி.

பையன் இன்று பள்ளிக்கூடம் போகிறான். லண்டன் ஆல்பத்தைக் காட்டினால், "இதுல நான் ஏன்ப்பா எல்லா போட்டோவுலயும் அழறேன்?" என்று கேட்கிறான். அவனுக்கு ஞாபகம் இருக்கும் பிறந்த நாள் 2021-ல் வந்தது. ஐந்து வயது. மொட்டைமாடியில் பாய் விரித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர், பேக்கரி கேக், பாட்டி வைத்த பாயசம். பாதியில் கரன்ட் போய்விட்டது. தாத்தா டார்ச் அடித்துச் சுவரில் கைநிழலால் முயல் காட்டினார். அந்த முயலைப் பற்றி இன்னும் பேசுகிறான். அன்றைய செலவு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சென்னையில் மனிதன் வியர்க்காமல் வாழக்கூடியது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். விடிகாலையில் கோலம், கோயிலில் சூடாகப் பொங்கல், ராத்திரி சர்ச் வாசலில் நட்சத்திர விளக்கு. இதை விட்டுவிட்டு ஓடுவதற்கு வட்டி வேறு கட்ட வேண்டுமா?

டிராவல்ஸ்காரர்களின் செய்திக்கு இந்த வருடம் பதில் அனுப்பிவிட்டேன்: 'பிறந்த நாள் வீட்டில்தான். உங்கள் ஆபீஸ் லீவு என்றால் நீங்களும் வாருங்கள். பாயசம் உண்டு.'