முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டும் சின்னக் கல்லூரிகள்! கூடைப்பந்து ரசிகர்கள் கொதிப்பு

திருத்தணி,

"இன்னாப்பா, உங்க காலேஜ் முதல் ரவுண்டுலயே அவுட்டாமே?"

கல்லூரி கூடைப்பந்து சீசன் தொடங்கிவிட்டால் சென்னையிலிருந்து வரும் சாயங்கால மின்சார ரெயிலில் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் கிடையாது. திருவள்ளூர் தாண்டும் வரை கேலி. அரக்கோணத்தில் பாதிக் கூட்டம் இறங்கியதும் வாக்குவாதம். திருத்தணியில் இறங்கி டீக்கடைக்குப் போவதற்குள் இரண்டு கட்சி உண்டாகிவிடும்.

ஒரு கட்சி சொல்வது இது. "முதல் மாட்ச்சை வைத்து ஒரு டீமை எடை போடாதே. பையன்கள் இப்போதுதான் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். போகப் போகப் பார்."

மறு கட்சி விடாது. "போகப் போகன்னா எங்கே போறது? சீசன்தான் முடிஞ்சு போச்சே!"

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். வம்பே அங்கேதான் இருக்கிறது.

ஆகஸ்டு மாதத்து டீம்

ஆரம்ப ஆட்டங்களின் ரிசல்டை அப்படியே நம்பக்கூடாது என்பது கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்குப் பழைய பாடம்.

கல்லூரி டீம் என்பது வருஷா வருஷம் கலைகிற டீம். மூன்றாம் வருஷத்துப் பையன்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறவனும் போயிருப்பான். வளையத்துக்குக் கீழே நிற்கிற உயரக்காரனும் போயிருப்பான். புதிதாகச் சேர்ந்தவனுக்கு எந்தக் கை வாகு, எந்த இடத்தில் நின்றால் குறி தப்பாது என்று தெரிவதற்கே ஒரு மாதம் ஆகும்.

ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம் இது. ஒருத்தனுக்கு ஒருத்தன் பழகாவிட்டால் பந்து கைமாறும்போதே எதிராளி பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான். 24 விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதி வேறு கழுத்தை நெரிக்கும்.

பெரிய கல்லூரிகளுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பிளஸ்-2 முடித்த நல்ல ஆட்டக்காரனை விளையாட்டு ஒதுக்கீட்டில் இழுத்துக்கொள்கிறார்கள். ஹாஸ்டல் உண்டு. சாப்பாடு உண்டு. ஷூ உண்டு. லீவிலேயே பயிற்சி தொடங்கிவிடும். பலகைத் தரை போட்ட உள்ளரங்கம் வைத்திருக்கிற கல்லூரியும் இருக்கிறது.

சின்னக் கல்லூரியில் சிமெண்டுத் தரை. மழை பெய்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பயிற்சி என்றால், பள்ளிப்பட்டிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பஸ்ஸில் வருகிற பையன் என்ன செய்வான்? காலையில் அவன் பஸ் வந்து சேருவதற்குள் பயிற்சி முடிந்திருக்கும். மாலையில் தங்கினால் வீடு போக இருட்டிவிடும். வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் ஆள் வேண்டும்.

அப்படிப்பட்ட டீம் ஆகஸ்டில் 30 பாயிண்டு வித்தியாசத்தில் தோற்றால் அதில் பாதி, சேர்ந்து ஆடிய நாட்கள் குறைவு என்பதால் வந்தது. அதே டீமை டிசம்பரில் ஆடவிட்டால் 10 பாயிண்டுக்குள் மல்லுக்கட்டும். டிசம்பரில் ஆட விடுவது யார்?

பழக்கூடை தேசத்தில்...

கூடைப்பந்து பிறந்த ஊர் அமெரிக்காவில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு. 1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி வாத்தியார், பீச் பழக்கூடையை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டி மாணவர்களை ஆடவைத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட மைதானங்களில் கூடைப்பந்துக் கம்பம் நிற்கிறது என்றால், அங்கே படித்து வந்த டிரில் வாத்தியார்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஆட்டம் வந்தது. சீசன் நடத்துகிற முறை வரவில்லை.

அமெரிக்காவிலும் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. 'மூன்றாம் டிவிஷன்' என்று பெயர். 400-க்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்த்தி. விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனாலும் ஒரு சீசனில் ஒரு கல்லூரி 25 மாட்ச் வரை ஆடலாம். நவம்பரில் தொடக்கம். வருஷம் முடியும் வரை பெரும்பாலும் வெளி வட்டாரத்துக் கல்லூரிகளோடு மோதல். ஜனவரி, பிப்ரவரியில் சொந்த வட்டாரத்து லீக். மார்ச்சில் 64 அணிகள் நாக்-அவுட்டில் இறங்கும்.

நவம்பரில் இரண்டு மாட்ச் தோற்ற கல்லூரியின் ரசிகர் அங்கே சாவகாசமாகப் பேசலாம். எதிராளி யார், ஆடியது அவன் ஊரிலா நம் ஊரிலா, யாருக்குக் கால் சுளுக்கு என்று கணக்குப் போடலாம். இன்னும் இருபது மாட்ச் பாக்கி இருக்கிறது.

நம்ம ஊர் ரசிகருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

32 அணி, 31 மாட்ச்

இங்கே கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளில் பெரும்பாலானவை நாக்-அவுட். பல போட்டிகளில் கடைசி நான்கு அணிகள் மிஞ்சிய பிறகுதான் லீக். அதற்கு முன்னால் தோற்றவன் பையைத் தூக்கிக்கொண்டு ரெயில் ஏற வேண்டியதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 32 கல்லூரிகள் கலந்துகொள்கின்றன என்று வையுங்கள். முழுக்க நாக்-அவுட் என்றால் மொத்தம் 31 மாட்ச். 16 கல்லூரிகள் ஒரே மாட்ச்சோடு வீட்டுக்குப் போகும். இன்னும் 8 கல்லூரிகளுக்கு இரண்டு மாட்ச். ஆக 32-ல் 24 கல்லூரிகளின் கதை இரண்டு மாட்ச்சுக்குள் தீர்ந்தது!

ஒரு மாட்ச் என்பது 10 நிமிஷம் வீதம் நான்கு பகுதி. 40 நிமிஷம். வருஷம் முழுக்க ஓடியதற்கு 40 நிமிஷம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதுவும் இல்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. போன வருஷம் ஜெயித்த பெரிய அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாதபடி அட்டவணை போடுவார்கள். எல்லா விளையாட்டிலும் உள்ள வழக்கம்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் பெரிய அணிக்கு எதிரே வந்து நிற்பது யார்? பேரில்லாத சின்னக் கல்லூரி!

மூன்றாம் நம்பர் ஃபாரம்

கோப்பை யாருக்கு என்பதற்காக டீக்கடையில் இவ்வளவு சூடு ஏறாது. சூடு ஏறுவது வேலைக்காக.

மத்திய அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு இடம் உண்டு. அதற்கான சர்டிபிகேட்டுக்கு நம்பர் போட்ட ஃபாரங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்காக ஆடியவனுக்கு 1-ம் நம்பர். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவனுக்கு 2-ம் நம்பர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்கு 3-ம் நம்பர். தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவனுக்கு 4-ம் நம்பர்.

கல்லூரிக்காக மட்டும் ஆடியவனுக்கு? ஃபாரமே கிடையாது. மூன்று வருஷம் கல்லூரி பனியனைப் போட்டு ஆடி, கேப்டனாகவே இருந்திருந்தாலும் பல்கலைக்கழக டீமில் பேர் வராவிட்டால் இந்த வரிசையில் அவனுக்கு இடம் இல்லை.

பல்கலைக்கழக டீம் என்றால் 12 பேர். தேர்வு செய்கிறவர்கள் பையன்களைப் பார்ப்பது கல்லூரிப் போட்டியிலும் அதையொட்டி நடக்கும் டிரையலிலும்தான். செமி பைனல், பைனல் வரை வந்த பையனை நாலைந்து தடவை பார்க்கிறார்கள். முதல் ரவுண்டில் போனவனை ஒரு தடவை. அன்றைக்கென்று பார்த்துக் கையில் பந்து நிற்கவில்லை என்றால் அவ்வளவுதான்.

"டிரையலுக்கு யார் வேண்டுமானாலும் வரலாமே!" என்று ஒரு வாதம் வருகிறது. வரலாம். ஆனால் முன்பின் தெரியாத நாலு பேரோடு நின்று பத்து நிமிஷத்தில் திறமையைக் காட்ட வேண்டும். ஒரே கல்லூரியிலிருந்து கூட்டமாக வந்தவர்கள் தங்களுக்குள் பந்தைக் கொடுத்துக்கொள்வார்கள். தனியாளாக வந்தவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான்.

திருத்தணியில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முகம் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு போட்டாலும் சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அண்ணன் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் படிப்பான். தம்பி பிள்ளை திருப்பதிக்குப் போய் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் படிப்பான். பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டுமே தென்மண்டலம்தான். அங்கிருந்து நான்கு அணிகள்தான் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். "எங்க பையனைவிட அவன் ரெண்டு அங்குலம் குள்ளம், அவனுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று தமிழும் தெலுங்கும் கலந்து ஒரு சண்டை. கல்யாண வீட்டில்கூட இது ஓய்வதில்லை.

ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பஞ்சம் இல்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் பஞ்சாபைத் தோற்கடித்துப் பட்டம் வென்றது தமிழ்நாடு ஆண்கள் அணி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற இடங்களில் கூடைப்பந்தால் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசல் வரைக்கும் போகிற வழிதான் சின்னக் கல்லூரிப் பையனுக்குக் குறுகல்.

லீக் வைத்தால் என்ன?

அதே 32 கல்லூரிகளை நான்கு நான்காக 8 பிரிவாக்கினால் பிரிவுக்கு 6 மாட்ச் வீதம் 48. பிறகு எட்டு அணிகளின் நாக்-அவுட் 7. மொத்தம் 55. நாக்-அவுட்டைவிட 24 மாட்ச் கூடுதல். எந்தக் கல்லூரிக்கும் குறைந்தது 3 மாட்ச் நிச்சயம்.

ஒரு மைதானத்தில் நாளைக்கு 6 மாட்ச் என்றால் கூடுதலாக 4 நாள். இரண்டு மைதானம் இருந்தால் 2 நாள்.

கேட்பதற்கு எளிது. ஆனால் நடுவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பையன்களுக்குச் சாப்பாடும் பஸ் செலவும் பார்க்க வேண்டும். வகுப்புக்கு வராவிட்டால் அட்டென்டன்ஸ் உதைக்கும். நவம்பரில் பரீட்சை. போட்டி நடத்துகிறவர்கள் சொல்லும் இந்தக் கஷ்டங்கள் பொய் அல்ல. மூன்று நாள் பையன்களை வெளியே அனுப்பச் சின்னக் கல்லூரியே யோசிக்கும்.

2023-ல் இருந்து முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட அளவில் தொடங்குவதால் சென்னைக் கல்லூரிகளோடு முதல் நாளே முட்ட வேண்டாம் என்று சிலருக்கு ஆறுதல். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெரிய கல்லூரிகளும் திருவள்ளூர் மாவட்டம்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டீக்கடையில் கடைசியாக மிஞ்சுவது சின்ன யோசனை. திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர். மூன்றும் ஒரே ரெயில் பாதை. ஊருக்கு ஒரு கல்லூரி. சீசனுக்கு முன்னால் நாலு சனிக்கிழமை, வாரம் ஒரு ஊரில் கூடி, ஒவ்வொரு அணியும் மற்ற இரண்டோடும் ஆடினால் ஆளுக்கு 8 மாட்ச் ஆகிவிடும். இதற்கு ஃபாரம் கிடையாது, கோப்பை கிடையாது. செலவு ரெயில் டிக்கெட்டும் டீயும். ஆனால் அட்டவணையில் பெரிய கல்லூரி எதிரே வந்து நிற்கும்போது, அந்த ஐந்து பேரும் சேர்ந்து எட்டுத் தடவை ஆடியிருப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துச் சாவியை எந்தக் கல்லூரி கொடுக்கும் என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது.