"நல்ல காலையும் ஏன் கெடுக்கணும்" என்று சொன்னவள் நான்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு போன். லைட்ஹவுஸ் குப்பத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். அவன் மச்சானின் கை போட் எஞ்சின் விசிறியில் மாட்டி, புறங்கைத் தோல் முழுக்கப் போய் நரம்பு வெளியே தெரிகிறதாம். "டீச்சர், கையை அடிவயித்தோட சேர்த்துத் தச்சு மூணு வாரம் வைக்கணும்னு டாக்டர் சொல்றார். பெரியவங்க வேணாங்கிறாங்க. நீங்க சொல்லுங்க" என்றான்.

"இப்பவே கையெழுத்துப் போடச் சொல்லுப்பா" என்றேன். அவ்வளவு உறுதியாக நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு அப்பா என்னிடம் வந்தார். மகனுக்கு முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. இன்னொரு காலின் ஆடுதசைப் பக்கத்துத் தோலை ஒரு ஓரம் விடாமல் எடுத்துக் காயத்தில் தைத்து, இரண்டு காலையும் மூன்று வாரம் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "நல்ல காலையும் ஏன் கெடுக்கணும்?" என்றேன் நான். ஆசிரியர் பயிற்சி மட்டும் படித்தவள். ஆனால் குப்பத்தில் டீச்சர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். எலும்பு காய்ந்து சீழ் வைத்து, ஆறாவது மாதம் காலை எடுத்தார்கள். அவன் இன்றைக்கும் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறான். என்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்வான். அதுதான் எனக்குத் தாங்காது.

அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டுவது ஒரு வகை. அந்தத் தோலுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. அடியில் இருக்கும் சதை ரத்தம் கொடுத்தால்தான் பிழைக்கும். மேல்சவ்வு போன வெறும் எலும்பின் மேலோ தசைநார் மேலோ அது ஒட்டாது. ஃப்ளாப் என்பது வேறு. தோலும் சதையும் தன் ரத்தக்குழாயோடு வரும். நம் ஏரிக்கு முகத்துவாரம் மாதிரி. முகத்துவாரம் மண்ணடைத்தால் ஏரி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழியை அறுக்காமல் சதையை நகர்த்துவதுதான் இந்த வேலையே. மூன்று வாரத்தில் புது இடத்திலிருந்து ரத்தம் பழகி வந்துவிடும். பிறகு பழைய தொடர்பை வெட்டிக் கையைப் பிரிப்பார்கள். எடுத்த இடத்தைத் தைத்தோ தோல் ஒட்டியோ மூடிவிடுவார்கள். தழும்பு இருக்கும், நடக்க முடியும். நான் "கெட்டுவிடும்" என்று பயந்த அந்த நல்ல கால் கெட்டிருக்காது.

இது எங்கோ வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீர்கள். நாம் பொன்னேரியில் ரயில் ஏறிப் போகிற வட சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கியவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. சாய்வாக நுனி வெட்டுப்பட்ட விரலுக்கு, அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோணமாகத் தோலை, ரத்தக்குழாயும் உணர்ச்சி நரம்பும் விடாமல் முன்னால் நகர்த்தி மூடும் முறையை அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980-ல் எழுதி வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான். விரல் நுனியில் உணர்ச்சி இல்லாமல் வலைக்கண் பிடிக்க முடியுமா, தூண்டிலில் இரை மாட்ட முடியுமா?

எல்லாக் காலையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. சில சமயம் எடுப்பதே சரி. ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து சதையும் கிழிந்த காயங்களுக்குக் கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறை வகுத்து 2006-ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை, நோயாளியின் உடல்நிலை எல்லாம் சேர்த்து 29. 14 வரை வந்தால் காப்பாற்ற முயலலாம், 17-ஓ அதற்கு மேலோ வந்தால் எடுப்பது நல்லது, நடுவில் வந்தால் யோசித்து முடிவு. முப்பது வருடம் மார்க் போட்டவள் நான், இதை மட்டும் மார்க் போடாமலே முடிவு செய்துவிட்டேன்.

அதனால் எலும்பு தெரிந்தால் காப்பித்தூள், மஞ்சள், எஞ்சின் ஆயில் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி அன்றைக்கே கிளம்புங்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். மீன் பெட்டியில் போடுவது போல நேராக ஐஸில் போடக்கூடாது. மருத்துவர் சொல்வது புரியாவிட்டால் அவரிடமே திரும்பக் கேளுங்கள், டீச்சரிடம் வேண்டாம்.

மச்சானுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. கை வயிற்றோடு இருக்கிறது. பெண்சாதி ஊட்டிவிடுகிறாள். தச்ச சதை நிறம் நன்றாக இருக்கிறதாம். இன்னும் இரண்டு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் "இது என்னடா கோலம்" என்று சிரிக்காதீர்கள். முக்கியமாக, யாரும் அவனுக்கு ரகசியமாகப் பீடி கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். புகை அந்தச் சின்ன ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். யார் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.