ஆற்றுக் கப்பலில் எட்டு நாட்கள்

சென்ற மாதம் எம் பழைய ஆசிரியர் ஒருவரிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. ஓய்வு பெற்று, மனைவியாருடன் ஊரிலே வாழ்ந்துவரும் அப்பெரியாரின் மகள் சுவிற்சர்லாந்திலே குடியிருக்கிறாள். வரும் ஆண்டில் தாய் தந்தையரை அங்கே அழைத்து, ஐரோப்பிய நதியொன்றில் ஓடும் சிறு கப்பலிலே ஒரு வாரம் கூட்டிச் செல்ல வேண்டுமென்பது அவளுடைய ஆசை. "நீர் முன்னர் அவ்வாறு போய் வந்தவர் அன்றோ? அது எத்தகைய பிரயாணம்? வயது சென்ற எமக்கு அது தகுமா? பிள்ளை செலவழிக்கும் பணம் வீண் போகாதா?" என்று அவர் கேட்டிருந்தார். இவ்வினாக்கள் இன்று எம்மவர் குடும்பங்கள் பலவற்றிலே எழுகின்றன. ஆதலால் விடையை இப்பகுதியிலேயே எழுதத் துணிந்தோம்.

கப்பல் என்றதும் ஆயிரக்கணக்கானோர் ஏறிச் செல்லும் கடற்கப்பலையே பலரும் நினைப்பர். ஆற்றுக் கப்பல் அத்தகையதன்று. பெரியதெனப்படும் கப்பலிலும் ஏறத்தாழ இருநூறு பேருக்கு மேல் இடமில்லை. நீளம் 135 மீற்றர். அகலமோ ஏறக்குறைய 11.4 மீற்றர் மாத்திரமே. ஒரு நீண்ட பள்ளிக்கூடக் கட்டடம் தண்ணீரில் மிதந்து செல்வதாக எண்ணிக் கொள்ளலாம். அலை இல்லை; ஆகவே குமட்டலும் தலைச்சுற்றும் இல்லை. எந்நேரமும் இரு கரையும் கண்ணுக்குத் தெரியும். சூதாட்ட மண்டபம், பெரிய நாடகமேடை முதலியவற்றை எதிர்பார்த்துப் போவோர் ஏமாற்றமடைவர். மாலையிலே ஒருவர் பியானோ வாசிப்பார். கேட்போர் கேட்பர், ஏனையோர் உறங்கச் செல்வர்.

நாம் போனது 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில். எம் தமையனார் 1985இல், பத்தொன்பது வயதிலே, ஜேர்மனிக்குச் சென்றவர். அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் எம் தாயாரைக் கண்டது நான்கே முறை. தொழிற்சாலை வேலையிலே சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, எழுபத்திரண்டு வயதான அம்மாவுக்கு ஒரு நதியைக் காட்ட வேண்டுமென்று அவர் விரும்பினார். அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியிலே ஓடும். கோடையிலே அதன் படுக்கையில் மாடு மேயும். "ஒரு பேராற்றிலே கப்பலிற் போகவேண்டும்" என்று எம் தாயார் முன்னெப்போதோ சொன்ன வார்த்தையை அண்ணர் மறவாதிருந்தார்.

டான்யூப் நதி ஜேர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலே உற்பத்தியாகி, பத்து நாடுகளைத் தொட்டு, ஏறத்தாழ 2,850 கிலோமீற்றர் ஓடிக் கருங்கடலிற் கலப்பது. எமது மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்பதை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூரம்பேர்க் நகரில் ஏறி, எட்டாம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ற்றில் இறங்குவதே எமது பிரயாண ஒழுங்கு.

நூரம்பேர்க் டான்யூப் கரையிலுள்ள ஊரன்று. 1992இல் திறக்கப்பட்ட ஒரு கால்வாயின் கரையில் உள்ளது. 171 கிலோமீற்றர் நீளமான அக்கால்வாய் மைன் நதியையும் டான்யூப்பையும் இணைக்கின்றது. இடையிலே மேட்டுநிலம் உண்டு. கடல்மட்டத்துக்கு 406 மீற்றர் உயரத்தைக் கப்பல் கடக்க வேண்டும். கப்பல் மலையேறுவது எங்ஙனம்? நீர்ப்பூட்டுக்களின் உதவியால் ஏறுகின்றது. கப்பல் ஒரு நீண்ட தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு அடைபடும். மேலிருந்து தண்ணீரைப் பாய்ச்சக் கப்பல் மெல்ல மெல்ல உயரும். பின்பு முன்கதவு திறக்கும். பதினாறு பூட்டுக்களில் மூன்று ஒவ்வொன்றும் 24.67 மீற்றர் உயர்த்துகின்றன. தொட்டியின் அகலம் 12 மீற்றர். ஆகவே கப்பலின் இருபுறமும் ஒரு சாண் அளவு இடைவெளியே உண்டு. கப்பல்களின் அகலத்தை அளந்து கொடுத்தது இத்தொட்டியே. நள்ளிரவில் எம் அறை யன்னலைத் திறந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் ஈரமான சுவரொன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது சுவரன்று, ஏறியது கப்பல் என்று தெளிய எமக்குச் சிறிது நேரம் சென்றது.

இனி அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சொல்வோம். அறைகள் சிறியவை, இரண்டு கட்டில்களும் ஒரு சிறு குளியலறையும் அடங்கும். கீழ்த்தட்டு அறைகளுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அங்குள்ள யன்னல்கள் சிறியவை, திறக்க முடியாதவை. தனி அறை கொள்வோர் பெரும்பாலும் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அம்மாவும் அண்ணரும் ஓர் அறையிலும் நாம் வேறோர் அறையிலும் தங்கினோம். சைவ போசனம் உண்போர் பதிவு செய்யும்போதே அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் நல்ல மரக்கறி உணவு கிடைக்கும், ஆயினும் உறைப்பை எதிர்பார்த்தலாகாது. நாம் ஒரு போத்தல் ஊறுகாய் கொண்டுபோயிருந்தோம். மூன்றாம் நாளே அது முடிந்துவிட்டது.

கப்பல் பெரும்பாலும் இரவிலே ஓடும். பகலிலே ஊர்களில் நிற்கும். ஊர் பார்க்கப் போகும்போது கல் பாவிய பழந்தெருக்களில் இரண்டு மூன்று மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் நோவுடையோர் இதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். துறையில் இடம் போதாவிடின் இரண்டு மூன்று கப்பல்களை அருகருகே பிணைத்து நிறுத்துவார்கள்; அப்போது பிறர் கப்பல்களினூடாக ஏறி இறங்கியே கரையை அடையவேண்டும். யன்னற் சீலையை நீக்கினால் நதிக்குப் பதிலாக அடுத்த கப்பலிலுள்ளவர் முகத்தையே காணவும் நேரும். பாலங்கள் தாழ்வான இடங்களிலே மேற்றட்டை மூடிவிடுவர். மாலுமி நிற்கும் கூண்டுகூடக் கீழே இறக்கப்படும். வழக்கமாகக் கப்பலில் வைத்தியர் இருப்பதில்லை. கரை அருகில் இருப்பதால் அவசரமெனில் ஊர் வைத்தியசாலைக்கே கொண்டு செல்வர். ஆதலால் மருந்துகளும் காப்புறுதிப் பத்திரமும் கையோடிருத்தல் அவசியம்.

இவையெல்லாம் சிறு விடயங்கள். பெரிய விடயம் மூன்றாம் நாள் இரவு எமக்கு நேர்ந்தது.

அவ்வாண்டு ஐரோப்பாவிலே கடும் வரட்சி. றேகன்ஸ்பேர்க் நகரில் நின்ற கப்பலின் முகாமையாளர் இராப்போசனத்தின்பின் எழுந்து, நதியில் நீர் குறைந்துவிட்டமையால் கப்பல் மேற்கொண்டு செல்லாது என்று அறிவித்தார். டான்யூப்பின் மேற்பாகத்திலே பெரும்பாலான இடங்களில் அணைகள் நீர்மட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. ஸ்ட்ரௌபிங் தொடக்கம் வில்ஸ்ஹோபன் வரையுள்ள ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் தூரத்திலோ அணை இல்லை. நதி தன் இயல்பிலேயே ஓடுகின்றது. கோடையிலே கப்பல்களைத் தடுத்து நிறுத்துவது அப்பகுதியே. ஆதலால் மறுநாட் காலை எல்லாரும் பெட்டி படுக்கையுடன் பஸ் வண்டிகளில் ஏறிப் பாஸௌ நகருக்குச் சென்று, அங்கே நிற்கும் வேறொரு கப்பலில் ஏற வேண்டும் என்றார்.

மண்டபத்திலே பெரும் கூச்சல் எழுந்தது. அண்ணர் கூச்சலிடவில்லை. அறைக்கு வந்து, ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, சிறு எழுத்தில் அச்சிட்டிருந்த நிபந்தனைகளை விளக்கொளியிலே வாசித்தார். நீர்மட்டம் காரணமாகப் பாதையை மாற்றவும், பஸ் வண்டியில் ஏற்றவும் தமக்கு உரிமை உண்டென்று நிறுவனத்தார் முன்னரே எழுதியிருந்தனர். அண்ணர் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்தார். ஐம்பத்திரண்டு வயதான அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "அம்மாவுக்கு ஆறு காட்டக் கூட்டிவந்து பஸ்ஸிலை ஏத்திறன்" என்றார்.

உடுப்புக்களை மடித்துக் கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன் மோனை இதுக்குப் போய்க் கலங்கிறாய்? ஆத்திலை தண்ணி இல்லையெண்டால் கப்பல்காரன் என்ன செய்வான்? எங்கட வழுக்கையாறு எத்தனை மாசம் காஞ்சு கிடக்குது" என்றார். பின்பு, பஸ்ஸிலே யன்னலோரம் இடம் பிடிக்கும்படி எம்மிடம் சொன்னார்.

பாஸௌ மூன்று நதிகள் கூடும் ஊர். டான்யூப்புடன், அல்ப்ஸ் மலையிலிருந்து வரும் இன் நதியும், கருநிறமான இல்ஸ் நதியும் அங்கே கலக்கின்றன. இன் கொணரும் பெருந்தண்ணீரினாலேயே அதற்குக் கீழே எம் கப்பல் தடையின்றி ஓட முடிந்தது. அவ்வூரின் பழைய நகரமண்டபக் கோபுரத்திலே வெள்ளம் ஏறிய உயரங்களை ஆண்டுகளுடன் குறித்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு யூன் மாத வெள்ளம் அங்கே 12.89 மீற்றர் உயர்ந்தது. 1501ஆம் ஆண்டின் பின் அத்தகைய வெள்ளம் வந்ததில்லை. எம் தலைக்கு மேலே மிக உயரத்தில் அக்குறி இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அத்தனை உயரம் ஏறிய நதியிலேதான் அவ்வாரம் கப்பலுக்குத் தண்ணீர் இல்லை. அண்ணர் அக்குறியை நெடுநேரம் பார்த்து நின்றார். அதன்பின் ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

எஞ்சிய நாட்கள் இனிதே கழிந்தன. மெல்க் மடாலயம், கொடிமுந்திரித் தோட்டங்கள் நிறைந்த வாகௌப் பள்ளத்தாக்கு, இங்கிலாந்து மன்னன் றிச்சர்ட்டை 1192இல் சிறை வைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டை, வியன்னா, புடாபெஸ்ற் யாவற்றையும் கண்டோம். ஆயினும் எம் மனத்திலே நிற்பது வேறு. ஒவ்வொரு மாலையும் அம்மாவும் அண்ணரும் மேற்றட்டிலே இரண்டு நாற்காலிகளை அருகருகே போட்டு அமர்வார்கள். கரை மெல்ல நகரும். அண்ணர் ஊரை விட்டுப் போனபின் கிணறு இடிந்தது, மாமரம் பட்டது, யார் யார் இறந்தார்கள், யாருக்கு யார் பிறந்தார்கள் என்பவற்றையெல்லாம் அம்மா ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருவார். அண்ணர் கேட்டுக்கொண்டிருப்பார். நாம் சற்றுத் தள்ளி இருப்போம்.

ஆசிரியப் பெருந்தகையின் வினாக்களுக்கு இப்போது விடை கூறலாம். வயது தடையன்று, நடை தடையாகலாம். நடக்க முடியாத நாளிலே கப்பலில் இருந்தே கரையைப் பார்க்கலாம், எவரும் குறை கூறார். பதிவு செய்யுமுன் நிபந்தனைகளை வரிக்கு வரி வாசியுங்கள். கப்பல் தடைப்பட்டால் பணத்தில் ஏதும் திரும்பத் தருவார்களா என்று எழுத்திலே கேளுங்கள். இளவேனிலின் தொடக்கத்தில் உருகும் பனியால் வெள்ளமும், கோடையின் முடிவில் வரட்சியும் நேரக்கூடும். மே, யூன் மாதங்கள் ஓரளவு நடுநிலையானவை. ஜேர்மனி, ஒஸ்திரியா, ஹங்கேரி ஆகியவற்றுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். சேர்பியா வரை செல்லும் கப்பலாயின் மீண்டும் நுழைய அனுமதியுள்ள விசாவாக இருத்தல் வேண்டும்.

பணம் வீண் போகாதா என்பது மூன்றாம் வினா. எம் தாயார் 2021இல் காலமானார். நோய்த்தொற்றுக் காலமாகையால் அண்ணரால் வர முடியவில்லை; கிரியைகளைக் கைத்தொலைபேசியிலே பார்த்தார். அந்தியேட்டி முடிந்த அன்றிரவு அவர் எம்மோடு பேசியபோது, கப்பலில் அம்மா சொன்ன ஊர்க்கதைகளையே திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் பிரயாணத்தையும் சொன்னார்.

ஆகவே, ஆசிரியர் மகளுக்குச் சம்மதம் என்று எழுதுவாராக. மாதத்தை மாத்திரம் பார்த்துத் தெரிவு செய்யச் சொல்லட்டும். ஊறுகாய் இரண்டு போத்தல் கொண்டு போகட்டும்.